எந்த மாசம் போனே? – மலைபடுகடாமும் என் பன்னிரண்டு வரிக் குறிப்பும்

2019 பொங்கல் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது முதல்முறையாகப் பர்வதமலை ஏறினேன். முள்ளிப்பட்டிலிருந்து ஆரணி வந்து போளூர் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். திரும்பி வந்த அன்றிரவே ஆபீஸ் வாட்ஸப் குழுவில் பன்னிரண்டு வரியில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். தென்மாதிமங்கலம் பக்கமாக ஏறுவது நல்லது. மூன்று மணி நேரத்தில் உச்சி. பாதி வழியில் ஓடை இருக்கிறது, தண்ணீர் அதிகம் சுமக்க வேண்டாம். கடைசியில் கொஞ்சம் இரும்புப் படி, கம்பி, சங்கிலி எல்லாம் வரும், பயப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களும் ஏறுகிறார்கள். மேலே வியூ வேற லெவல். கீழே நாற்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

மே மாதம் கூட வேலை பார்த்த ஒருவர் அந்தக் குறிப்பை நம்பித் தன் அம்மாவைக் கூட்டிப்போனார். ஓடையில் தண்ணீர் இல்லை. பாறை கொதித்தது. மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாகி, இறங்கும்போது இருட்டிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் இறங்கியதில் அந்த அம்மாவுக்குக் கணுக்காலில் எலும்பு முறிந்தது. அடுத்த வாரம் கேன்டீனில் பார்த்தபோது அவர் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆமா, நீ எந்த மாசம் போனே?"

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் மலைபடுகடாமை முழுசாகப் படித்தேன். அதற்கு முன் எனக்கும் அது பள்ளிக்கூடப் பெயர்தான். இப்போதைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் விருந்தோம்பல் பற்றிய இயலில் அதன் ஒரு பகுதி வருகிறது. அக்கா மகள் அதை ஒப்பித்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அது வழியில் நல்ல சாப்பாடு போடுவார்கள் என்று சொல்லும் பாட்டு. தமிழாசிரியர்களைக் கேட்டால் இயற்கை வர்ணனை என்பார்கள். வரலாற்றுக்காரர்களுக்கு நன்னன் என்ற குறுநில மன்னனைப் பற்றிய சான்று. மூன்றும் சரிதான். ஆனால் ஒரு தப்பான வழிக்குறிப்பு எழுதியவன் என்ற முறையில் எனக்கு அது வேறாகத் தெரிந்தது. தமிழில் எனக்குத் தெரிந்து நெடுநடை போகிறவர்களுக்கு எழுதப்பட்ட ஆகச் சிறந்த வழிக்குறிப்பு அது. அதன் கவித்துவம் பெரும்பாலும் எச்சரிக்கைகளுக்குள்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

அடிப்படை விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. மதுரைக்காஞ்சிக்கு அடுத்து நீளமானது. எழுதியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தர் தலைவன், எதிரே வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, நீங்களும் போங்கள், வழி இப்படி இருக்கும் என்று சொல்கிறான். நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு நம் செய்யாறு. நவிரமலையைப் பர்வதமலை என்றே அறிஞர்கள் பலர் அடையாளம் காட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் கமண்டல நாகநதி அந்தச் செய்யாற்றில்தான் போய்ச் சேருகிறது. ஆகவே இது எனக்கு ஏதோ ஒரு பழைய மலை கிடையாது. நான் தப்பாகக் குறிப்பு எழுதிய அதே மலை.

பாட்டின் தொடக்கத்திலேயே வழிசொல்பவன் ஒரு காரியம் செய்கிறான். என்னென்ன சொல்லப்போகிறேன் என்று முதலில் பட்டியல் கொடுத்துவிடுகிறான். வழி எப்படி, என்ன சாப்பாடு கிடைக்கும், மலை, காடு, விலங்குகள், அப்புறம் நன்னனின் கொடை, முன்னோர், அவன் மலையில் இருக்கும் தெய்வம், ஊர். புத்தகத்தின் முதல் பக்கத்துப் பொருளடக்கம் மாதிரி. உரைகாரர்கள் இதை உரிய மரியாதையோடு கடந்துபோகிறார்கள். ஆவணம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வந்தது, அவ்ளோதான்.

அடுத்து வருவதுதான் முக்கியம். மலையின் விளைச்சல். எள் காய் முற்றியிருக்கிறது, தினை விளைந்து நிற்கிறது, அவரை பூ உதிர்ந்து காய் பிடித்திருக்கிறது, வரகு, ஐவன நெல், கரும்பு, இஞ்சி, வாழை, பலா. ஐம்பது அடிக்கு இது போகிறது. முதல் வாசிப்பில் இந்த இடத்தில் நான் பக்கம் தள்ளினேன். அழகான உவமைகள் இருக்கின்றன, ஆனால் எதற்கு இவ்வளவு பயிர் என்று. இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது. அந்த ஆள் மாதத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பயிரும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்கிறான். விவசாயம் தெரிந்த யாருக்கும் அது தேதி போட்ட மாதிரிதான். 'எந்த மாசம் போனே?' என்ற கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

அதோடு, பின்னால் வரும் ஆபத்துகளில் முக்கியமானவை அந்த விளைச்சலிலிருந்துதான் புறப்படுகின்றன. தினை விளைந்ததால் காட்டுப்பன்றி வருகிறது. பன்றி வருவதால் அது நுழையும் வழியில் கல்லை ஏந்திய பொறி வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த வழியை இருட்டில் கடக்காதீர்கள், விடியும்வரை இருந்து போங்கள். தினை விளைந்ததால் யானையும் வருகிறது. பரண் மேல் இருக்கும் காவல்காரர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுகிறார்கள். அது மூங்கில்களைத் தாக்கிக்கொண்டு, குரங்குகள் மிரள, எமன் மாதிரி வரும். மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து போங்கள். அறுவடை முடிந்த பிறகு போனால் பொறியும் இருக்காது, கல்லும் பறக்காது என்று நான் இதைப் படிக்கிறேன். பாதையின் நிலைமை என்பது பாறையும் சரிவும் மட்டும் கிடையாது. அந்த நேரத்தில் அங்கே வாழ்கிறவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான். என் பன்னிரண்டு வரியில் அந்த மலையில் வேறு யாருமே இல்லை. மோர் விற்கும் ஆயாகூட இல்லை, இத்தனைக்கும் அவரிடம் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்திருந்தேன்.

ஆற்றுப்படை எல்லாமே இப்படித்தானே என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அருமையான பாட்டு, உப்பு வண்டிகளும், மிளகு மூட்டை சுமக்கும் கழுதைகளும், சுங்கம் வாங்கும் பெருவழியும் அதில் இருக்கின்றன. ஆனால் வழியின் பாதுகாப்பு என்று வரும்போது அந்தப் பாணன் என்ன சொல்கிறான்? இளந்திரையன் நாட்டில் வழிப்பறி கிடையாது, இடி முழங்காது, பாம்பு தீண்டாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது, களைத்த இடத்தில் இளைப்பாறிப் போகலாம். அரசனின் செங்கோல் பாம்பின் பல்லையும் கட்டிவிட்டது. புகழ்ச்சி என்ற அளவில் இது அழகு. இதை நம்பி ஒருத்தன் காட்டில் காலை வைத்தால்?

மலைபடுகடாமில் பாம்பு குழியில் மறைந்து கிடக்கிறது. அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், விறலியர் கைகூப்பி வணங்கட்டும், பாதையைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போங்கள் என்கிறான். கும்பிடுவதும் விலகுவதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இன்னோர் இடத்தில் மலைப்பாம்பு, விழுந்து கிடக்கிற மரம் மாதிரி. நன்னனும் அரசன்தான், பெருங்கௌசிகனாரும் அவனைப் புகழத்தான் பாடுகிறார். ஆனால் நன்னனின் பெருமைக்காக அவன் மலையிலுள்ள ஒரு பாம்பைக்கூட அவர் சாதுவாக்கவில்லை. 2019இல் நான் எழுதியது பெரும்பாணாற்றுப்படை வகை. 'பயப்பட ஒன்றுமில்லை.' அதிலும் எனக்கு அரசன் யாரும் பரிசு தரவில்லை. நாற்பது கட்டைவிரல்கள், அவ்வளவே.

இந்தப் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. மயில் ஆடிக் களைத்து நிற்கும். நீண்ட மூங்கிலில் கடுவன் குரங்கு, கழைக்கூத்தாடிப் பிள்ளைகள் மாதிரித் தாவும். செங்குத்தான பாறையில் தேர்ச்சக்கரம் போலத் தேனடை தொங்கும். இதையெல்லாம் சட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள், கால் வழி தவறிவிடும் என்று முடிகிறது. காட்சியைக் காட்டிவிட்டு, பார்க்காதே என்கிறான். நடப்பவனுக்கு விலக்கப்பட்ட காட்சி கேட்பவனுக்குக் கிடைக்கிறது. கவிதையை நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கும், நாளைக்கு அந்தச் சரிவில் கால் வைக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து அவர் எழுதுகிறார். இந்த எச்சரிக்கை மட்டும் இல்லாமல் மயில், குரங்கு, தேனடை என்று நிறுத்தியிருந்தால் அது நல்ல வர்ணனை. எச்சரிக்கை வந்ததும் மயில் அபாயமாகிவிடுகிறது, அதனாலேயே இன்னும் அழகாகிறது. பர்வதமலையின் கடப்பாறைப் படியில் ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் போனுமாக நின்ற என் போட்டோ இன்னும் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டுவதில்லை.

வழுக்கும் இடங்களைச் சொல்லும் பகுதியும் அப்படித்தான். காட்டாற்று வழியில் ஆழமான மடு, நீர் சுழல்கிறது, கரை வழுக்கும். கொடி சுற்றிய மரத்தைப் பற்றிக்கொண்டு, ஆட்டுக்குட்டி மாதிரித் தலைமயிர் உள்ள சின்னப் பிள்ளைகளோடு, ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு கடங்கள். பாசி மூடிய பாறையில் மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொள்ளுங்கள். எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறான், பாருங்கள். பர்வதமலையில் ஊர்க்காரர்கள் பாதையின் கடினமான பகுதிகளுக்கு வைத்திருக்கும் பெயர்களும் இந்த மாதிரிதான்: கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி. கையில் என்ன கிடைக்கும், காலுக்குக் கீழே என்ன இருக்கும் என்பதே பெயர்.

அந்தப் பிள்ளைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு அடி தள்ளி, மலையின் ஓசைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லும் இடம் வருகிறது. பாட்டுக்குப் பெயர் தந்த பகுதி அதுதான்: மலையை யானையாகவும் ஓசையை அதன் மதமாகவும் கொண்டது. அருவியில் ஆடுவோர் சத்தம், புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவனுக்காகக் கொடிச்சியர் பாடும் பாட்டு என்று போகிற அந்த வரிசையில் ஒரு மந்தியின் ஓலம் வருகிறது. கைப்பிடி நழுவி, அதன் குட்டி பாறைப் பிளவில் விழுந்துவிட்டது. கூட்டமாக நின்று கதறுகின்றன. இதற்கும் ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கும் தொடர்பு உண்டென்று எந்த உரையும் சொல்லி நான் பார்த்ததில்லை, நச்சினார்க்கினியர் உட்பட. ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொள் என்று சொன்ன ஆளே, பிடி நழுவினால் என்னவாகும் என்பதையும் சொல்கிறான். மனிதப் பிள்ளையை வைத்துச் சொல்லவில்லை. எதிரே நிற்பவன் பிள்ளைகளோடு போகப்போகிறவன் இல்லையா.

இனி வழி தவறினால். குறவர்களே திகைக்கிற மலை ஒன்று வரும் என்கிறான். அங்கே மாட்டிக்கொண்டால் மேற்கொண்டு நடக்காதீர்கள். அகலமான பாறையில் எல்லோரும் ஒன்றாகக் கூடி உங்கள் இசைக்கருவிகளை வாசியுங்கள். காடு காக்கும் கானவர்கள், ஆற்றில் தவறி விழுந்தவர் கூச்சல் கேட்டு ஓடிவருவதுபோல ஓடிவருவார்கள். பழம் தருவார்கள், முன்னால் நடந்து வழி காட்டுவார்கள்.

இன்று மலையேற்றப் பயிற்சியில் சொல்லித்தருவது ஏறக்குறைய இதேதான்: நில், திறந்த இடத்தில் இரு, சத்தம் எழுப்பு. அமெரிக்காவின் அப்பலேச்சியன் பாதை ஜார்ஜியாவிலிருந்து மேய்ன்வரை சுமார் 3,500 கிலோமீட்டர். மரங்களில் வெள்ளைப் பட்டை தீட்டி வழி காட்டியிருப்பார்கள். 2013 ஜூலையில் அதன் மேய்ன் பகுதியில் தனியாக நடந்த ஒரு பெண்மணி பாதையைவிட்டுச் சற்று விலகியவர் திரும்ப முடியாமல் தொலைந்தார். செய்தி அனுப்ப சிக்னல் தேடி மேட்டுப்பக்கம் ஏறியிருக்கிறார். தேடுபவர்களுக்கு அடர்ந்த மரங்களுக்குக் கீழே இருந்த அவரது கூடாரம் கண்ணில் படவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் உயிரோடு இருந்து நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். 2015 அக்டோபரில்தான் உடல் கிடைத்தது, பாதையிலிருந்து 3 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில். அவர் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதற்றத்தில் நானும் சிக்னலைத் தேடித்தான் ஏறியிருப்பேன். அதனால்தான் இந்த மாதிரி அறிவுரை முன்னாலேயே, நிதானமாக இருக்கும்போது, காதில் விழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த இசைக்கருவி விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கொஞ்சம் முன்னால், கடவுள் இருக்கும் இடத்தில் வணங்கிவிட்டுப் போங்கள், சும்மா கருவியைத் தொடாதீர்கள், மழை வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறான். எங்கே வாசிக்கக்கூடாது, எங்கே வாசித்தே ஆகவேண்டும் என்று ஒரே பாட்டில் இரண்டும். பாட்டின் ஆரம்பத்தில் முழவும் தூம்பும் குழலும் பையில் கட்டிச் சுமந்த அந்த மூட்டை வெறும் அலங்காரம் கிடையாது.

கவர்வழிகளைப் பற்றிச் சொல்லும்போது, தெரியாத நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், சரியான வழியைத் தடவிச் செம்மையாக்கிப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான். பின்னால் வருபவர்களுக்காக. முதலில் இவன் சொல்கிறான், அப்புறம் கேட்டவனையும் சொல்கிறவனாக்கிவிடுகிறான். எங்கள் தெருவில் தறியில் பாவு தீரும்போது, பழைய இழையின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான முடிச்சு. சேலையில் அது தெரியாது. அப்பா அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. இந்தப் புல் முடிச்சைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. ஒப்புமை கொஞ்சம் இழுத்துப் பிடித்ததாகக்கூட இருக்கலாம்.

அதே பகுதியில் போரில் செத்தவர்களின் பெயர் பொறித்த நடுகற்கள் வருகின்றன. உங்கள் யாழை இசைத்துவிட்டு வேகமாகக் கடங்கள் என்கிறான். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர் காலத்துக் கற்கள் நிறையக் கிடைத்து, இரா. நாகசாமி பதிப்பில் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்றே ஒரு நூல் போட்டது. அவை பாட்டுக்குப் பிந்தியவை. ஆனாலும் அந்த மண்ணில் பெயரோடு கல் நட்ட வழக்கம் தொடர்ந்திருக்கிறது.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வழியோரச் சாப்பாட்டு விஷயத்தில் இந்த வழிசொல்பவனை நான் முழுசாக நம்பவில்லை. எந்தக் குடிக்குப் போனாலும் வரவேற்பு, இறைச்சி, பால், மூங்கிலரிசிச் சோறு, கள். ஒரு வீட்டிலும் கதவு சாத்தவில்லை. ஆபத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு பாறைக்கும் தனித்தனியாகப் பேசியவன், சோறு என்றதும் பொத்தாம் பொதுவாகிவிடுகிறான். கடைசி நூறு அடியில் நன்னன் வந்ததும் பாட்டு வழக்கமான புகழுரையாகத் தளர்கிறது. அங்கே எனக்குக் கொட்டாவி வந்தது உண்மை. தூரத்தைப் பற்றி அவன் சொல்வதும் இதே ரகம்தான்: அந்த ஊர் ரொம்ப தூரமில்லை. பர்வதமலையில் இறங்கி வருகிற ஒவ்வொருவரும் ஏறுகிறவர்களைப் பார்த்து இதையேதான் சொல்வார்கள். "தோ, வந்துட்டுது, இன்னும் பத்தே நிமிஷம்." எந்தக் காலத்திலும் இறங்குகிறவன் ஏறுகிறவனிடம் சொல்லும் பொய் ஒன்றுதான் போலிருக்கிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள், கூட வழிகாட்டி வருகிறார். நல்ல ஏற்பாடு. தரம் பிரிப்பதில் எனக்குள்ள தயக்கம் வேறு. 'நடுத்தரம்' என்ற சொல் யாருடைய முழங்காலுக்கு, எந்த மாதத்துக்கு? பெருங்கௌசிகனாரின் ஆள் ஒரு இடத்தில்கூட வழி கடினம், எளிது என்று மதிப்பெண் போடுவதில்லை. இங்கே பாசி, இங்கே பொறி, இங்கே விடியும்வரை இரு. மதிப்பெண்ணைக் கேட்பவனே போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஆயா கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு நடந்தே போனவள். நான் முதல்முறை தெருப்பிள்ளைகளோடு நடக்கக் கிளம்பியபோது அவள் சொன்னதை இப்போது யோசித்தால் எல்லாமே ஏவல். போளூர் தாண்டினா நிழல் இல்ல, அதுக்குள்ள சாப்ட்டுக்கோ. ஈரத் துணியோட நடக்காத, தொடை உரியும். லாரி வர்ற பக்கம் பார்த்து நட. சாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓம்புமின், கழிமின், வதிமின் என்று மலைபடுகடாம் அடுக்கிக்கொண்டே போகும்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கணுக்கால் உடைந்த அந்த அம்மா இப்போது நன்றாக நடக்கிறாராம். மலைக்குப் போவதில்லை. பழைய குறிப்பை அந்தக் குழுவில் தேடி எடுத்து, கீழே இதைச் சேர்த்தேன்: 'நான் போனது ஜனவரி 2019, பொங்கலுக்கு மறுநாள். நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். மே மாதம் அதில் தண்ணீர் இல்லை, ஒருவர் பார்த்திருக்கிறார். ஆளுக்கு நான்கு லிட்டர் கீழிருந்தே சுமக்கவும். இரும்புப் படிகளில் மதியம் கை வைக்க முடியாது. நான்கு மணிக்கு மேல் உச்சியில் இருக்காதீர்கள்.' இந்த முறை இரண்டே இரண்டு கட்டைவிரல். அதில் ஒன்று அவருடையது.